கேரவன் நின்ற பிறகுதான் ஒயின்: தெற்கு ஆஸ்திரேலியாவில் 16 நாள்

மார்ச் கடைசியில் அடிலெய்டிலிருந்து கேரவனை இழுத்துக்கொண்டு கிளம்பி, தெற்கு ஆஸ்திரேலியாவின் ஒயின் ஊர்களை அவசரமில்லாமல் சுற்ற 16 நாள் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் கணவரும் மட்டும். அவருக்கு ஒயின் பிடிக்கும், நீங்கள் குடிப்பதில்லை. எந்த வரிசையில் போவது, எங்கே தங்குவது, குடித்த பிறகு வண்டி ஓட்டும் சிக்கலை எப்படிக் கையாள்வது என்பவை உங்கள் கேள்விகள். "நான்தான் குடிப்பதில்லையே, எல்லா நாளும் நானே ஓட்டிவிடுகிறேன்" என்றும் சேர்த்திருக்கிறீர்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அந்த ஒரு முடிவை மாற்றினால் மற்ற கேள்விகள் பாதி தீர்ந்துவிடும்.

16 நாளும் நீங்களே ஓட்டாதீர்கள். ஆறு மீட்டர் கேரவனைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு ஒயின் தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய், அவர் ருசி பார்க்கும்வரை காத்திருப்பது உங்களுக்கு விடுமுறையாக இருக்காது. நான் பல வருடமாகக் கடைப்பிடிக்கும் வழி இதுதான்: நகரும் நாள் வேறு, குடிக்கும் நாள் வேறு. நகரும் நாளில் இருவருமே ஒரு சொட்டு குடிப்பதில்லை, மாறி மாறி ஓட்டலாம். குடிக்கும் நாளில் கேரவன் அசையாது, முடிந்தால் காரும் அசையாது. அதற்கு ஏற்றபடி, நடந்தோ சைக்கிளிலோ தோட்டங்களுக்குப் போகக்கூடிய இடத்தில் கேரவன் பார்க்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் முதலில் பிடித்த ஒயின்களைக் குறித்துக்கொண்டு, பிறகு தங்க இடம் தேடுகிறார்கள். நான் தலைகீழாகச் செய்கிறேன். தங்கும் இடம் சரியாக அமைந்தால் ஒயின் தானாக வந்து சேரும், ஏனென்றால் இந்த ஊர்களில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கொடிதான்.

"கொஞ்சம் ருசிதானே" என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு. முழு உரிமம் உள்ளவருக்கு இங்கே ரத்தத்தில் ஆல்கஹால் 0.05-ஐத் தொடக் கூடாது. பழகுநர் உரிமம், புதிதாக ஓட்டுபவர்களின் தற்காலிக உரிமமான பி-பிளேட் என்றால் பூஜ்யம். ஆஸ்திரேலியாவில் ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க் என்பது 10 கிராம் ஆல்கஹால். தோட்டத்து ருசிக்கூடத்தில், இங்கே எல்லோரும் செல்லார் டோர் என்பார்கள், ஒரு வகைக்கு 25 மில்லி அளவு ஊற்றுகிறார்கள் என்று வையுங்கள். ஆறு வகை ருசித்தால் 150 மில்லி. பரோசாவின் ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினில் ஆல்கஹால் 14.5 சதவீதம் இருக்கும். அப்படியானால் அந்த ஆறு ருசியில் சுமார் 17 கிராம், அதாவது ஒன்றே முக்கால் ஸ்டாண்டர்ட் டிரிங்க். மதியச் சாப்பாட்டுக்கு முன் இரண்டு இடம் போனால் மூன்றைத் தாண்டிவிடும். ஆண்கள் முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு, அப்புறம் மணிக்கு ஒன்று என்பதுதான் இங்கே வழக்கமாகச் சொல்லப்படும் உச்சம், அதுவும் உடல்வாகைப் பொறுத்து மாறும். ஒயின் ஊர்களின் சாலைகளில் போலீஸ் யாரை வேண்டுமானாலும் நிறுத்தி ஊதச் சொல்லலாம். ருசித்துவிட்டுத் துப்புவதற்கு எல்லா இடத்திலும் ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். அதைப் பயன்படுத்துவதில் வெட்கப்பட எதுவும் இல்லை, ஒயின் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். மூன்றாவது இடத்தில் நாக்கு எதையும் பிரித்துச் சொல்லாது.

சரி, வரிசை. வடக்கே கிளேரில் தொடங்கி, பரோசா, மெக்லாரன் வேல், கூரோங் கரையோரம், ரோப், கடைசியில் கூனவாரா. முறையே 3, 4, 2, 1, 2, 3 இரவு. வடக்கில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மார்ச் கடைசியில் வெயில் இன்னும் 30-ஐத் தாண்டலாம், கிளேர் பள்ளத்தாக்கு மேட்டு நிலம் என்பதால் ராத்திரி குளிர்ந்துவிடும். தெற்கே கூனவாராவுக்கு ஏப்ரல் நடுவில் போய்ச் சேரும்போது அங்கே இலையுதிர் காலம், கொடியில் இலை நிறம் மாறத் தொடங்கியிருக்கும்.

கிளேர் அடிலெய்டிலிருந்து சுமார் 140 கி.மீ. முதல் நாள் இழுவைக்குச் சரியான தூரம். இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த பாதை இங்கேதான் இருக்கிறது: ரீஸ்லிங் டிரெயில். ஆபர்ன் ஊரிலிருந்து கிளேரைத் தாண்டி வடக்கே பாரினியா வரை 30 கி.மீ.க்குச் சற்று மேல், முழுக்கப் பழைய ரயில் தடம். 1983 ஆஷ் வெட்னஸ்டே காட்டுத்தீயில் தடம் சேதமடைந்தது, ரயில் திரும்ப வரவில்லை, தண்டவாளம் போன இடத்தில் நடப்பவர்களும் சைக்கிளும் வந்தார்கள். ரயிலுக்காகப் போட்ட பாதை என்பதால் ஏற்றமெல்லாம் மெல்லியது. கிளேரிலிருந்து தெற்கே செவன்ஹில் வரை லேசாக மிதிக்க வேண்டும், திரும்பும்போது கால் சும்மா இருந்தாலே போதும். சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கிறது. பாதையை ஒட்டித் தங்கினால் மூன்று நாளும் கார் சாவியைத் தொட வேண்டியதில்லை.

செவன்ஹில்லில் 1851-இல் ஆஸ்திரியாவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகள் பூசைக்கான ஒயினுக்காகக் கொடி நட்டார்கள். இன்றும் அங்கே பூசை ஒயின் தயாராகிறது. பக்கத்திலேயே கல்லால் கட்டிய தேவாலயம், நிலவறை, பெரிய மரங்கள். குடிக்காதவருக்கும் அரை நாள் நன்றாகப் போகும் இடம் அது. கிளேரின் பெருமை ரீஸ்லிங் என்னும் வெள்ளை ஒயின். பகல் சூடும் இரவுக் குளிரும் சேர்ந்து பழத்தின் புளிப்பைக் காப்பாற்றுகின்றன, அதனால் இளம் ரீஸ்லிங்கில் எலுமிச்சை வாசம் தூக்கலாக இருக்கும். 2000-ஆம் ஆண்டு அறுவடையில் இந்தப் பள்ளத்தாக்கின் தயாரிப்பாளர்கள் பலர் சேர்ந்து தக்கையைக் கைவிட்டுத் திருகு மூடிக்கு மாறினார்கள். தக்கையால் சில பாட்டில்களில் ஏறும் ஈர அட்டை வாடை அவர்களுடைய மென்மையான ஒயினைக் கெடுத்தது என்பதுதான் காரணம். ஆஸ்திரேலியா முழுவதும் திருகு மூடி பரவியதற்கு அது பெரிய தொடக்கம். திருகு மூடி மலிவின் அடையாளம் என்று யாராவது சொன்னால் கிளேரைக் காட்டுங்கள்.

கிளேரிலிருந்து கப்பண்டா வழியாகப் பரோசா சுமார் 100 கி.மீ. இங்கே நான்கு இரவு என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம், பரோசாவில் பார்க்க வேண்டியது ஒயின் மட்டுமில்லை, வயதும்தான். 1870-களில் பக்கத்து மாநிலமான விக்டோரியாவின் ஜீலாங் அருகில் ஃபிலாக்சரா என்ற பூச்சி வந்தது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு சின்னது, வேரைத் தின்று கொடியைச் சாகடிக்கும். ஐரோப்பாவின் தோட்டங்களில் பெரும்பகுதியை அழித்ததும் அதுவே. தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் அது இன்றுவரை நுழையவில்லை. அதனால்தான் 1843-இல் நட்ட ஷிராஸ் கொடிகள் லாங்மைல் தோட்டத்தில் சொந்த வேரில் நின்று இன்னமும் காய்க்கின்றன. முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி இருக்கும் அந்த அடித்தண்டைப் பார்த்தால் நகர மனசு வராது. 2009-இல் பரோசாக்காரர்கள் கொடிகளின் வயதுக்கே ஒரு வரிசை வகுத்தார்கள்: 35 வயதைத் தாண்டினால் பழையது, 70 தாண்டினால் பிழைத்தது, 100 தாண்டினால் நூற்றாண்டு கண்டது, 125 தாண்டினால் மூதாதை. பாட்டிலில் ஓல்ட், சர்வைவர், சென்டினேரியன், ஆன்செஸ்டர் என்ற சொற்களைப் பார்த்தால் இதுதான் பொருள்.

இதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள், இதை நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். படம் எடுக்க வேண்டும் என்று கொடி வரிசைக்குள் இறங்காதீர்கள். அந்தப் பூச்சி செருப்பின் மண்ணிலும் டயரிலும் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும். விக்டோரியாவில் எந்தத் தோட்டத்திலாவது நடந்த செருப்பு என்றால் சுத்தம் செய்யாமல் இங்கே கொண்டுவரவே வேண்டாம். திராட்சைப் பழம், இலை, குச்சி எதுவும் எல்லை தாண்டி வரக் கூடாது. பழ ஈ காரணமாக மற்ற பழங்களுக்கும் தடை உண்டு. 180 வருடம் தப்பிப் பிழைத்த கொடி ஒருவருடைய செருப்பால் சாகக் கூடாது.

பரோசாவில் தனுந்தா ஊரை மையமாக வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள்ளேயே கேரவன் பார்க் இருக்கிறது, அங்கிருந்து நூரியூட்பா வரை தனி சைக்கிள் பாதை போகிறது. 1842-இல் சைலீசியாவிலிருந்து வந்த, ஜெர்மன் பேசும் லூத்தரன் கிறிஸ்தவக் குடும்பங்கள் பக்கத்தில் பெத்தனி என்ற கிராமத்தை அமைத்தார்கள். அவர்கள் கொண்டுவந்த ரொட்டியும் புகையிட்ட இறைச்சியும் இன்றும் கடைத்தெருவில் இருக்கின்றன. தனுந்தாவில் 1924-இலிருந்து விறகு அடுப்பில் சுடும் அபெக்ஸ் பேக்கரிக்குக் காலையில் போங்கள். சனிக்கிழமை காலை ஆங்காஸ்டனில் உழவர் சந்தை. பழுக்காத திராட்சையைப் பிழிந்து எடுக்கும் வெர்ஜூஸ் என்ற புளிப்புச் சாறை சமையல் கலைஞர் மேகி பியர் 1984-இல் இங்கேதான் விற்பனைக்குத் தயாரித்தார். சமைப்பவர் நீங்கள் என்றால் ஒரு பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள், அதில் ஆல்கஹால் இல்லை.

இருவரும் சேர்ந்து கட்டாயம் போக வேண்டிய ஒரே இடம் என்று கேட்டால் செப்பல்ட்ஸ்ஃபீல்ட் என்பேன். 1878-இல் அந்தக் குடும்பம் ஒரு பீப்பாய் போர்ட் என்ற இனிப்பு ஒயினைத் தனியாக எடுத்து வைத்து, நூறு வருடம் கழித்துத்தான் திறக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் ஒரு பீப்பாய். 1978 முதல் வருடா வருடம் நூறு வயது ஒயின் ஒன்று வெளியே வருகிறது. வைத்தவர் யாரும் அதைக் குடிக்கப்போவதில்லை என்று தெரிந்தே வைத்த பீப்பாய்கள் அவை. முன்பதிவு செய்தால் உங்கள் கணவர் பிறந்த வருடத்துப் பீப்பாயிலிருந்து ஒரு மடக்கு ஊற்றித் தருவார்கள். விலை அதிகம்தான், ஆனால் அந்த நாளின் மற்ற ருசிகளை விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள். அங்கே போகும் சாலையின் இரு புறமும் பேரீச்ச மரங்கள், 1930-களின் பொருளாதார நெருக்கடியில் தொழிலாளர்களை வேலையைவிட்டு அனுப்பாமல் இருக்க நட வைத்தவை.

தனுந்தாவில் கேரவனை விட்டுவிட்டு ஒரு நாள் வெறும் காரில் ஈடன் வேலி, பேர்ட்வுட், ஹான்டார்ஃப் வரை போய் வாருங்கள். அன்று அவர் துப்பட்டும், அல்லது நீங்கள் ஓட்டுங்கள். ஒரு நாள்தானே. மலைச்சாலைகள் குறுகலானவை, வளைவு அதிகம், கேரவனோடு போகவே கூடாது.

பரோசாவிலிருந்து மெக்லாரன் வேலுக்கு மலை வழியைத் தவிர்த்து, நெடுஞ்சாலையில் அடிலெய்டைக் கடந்து தெற்கே இறங்குங்கள். காலை ஒன்பதரைக்குப் பிறகு கிளம்பினால் நகர நெரிசல் குறைந்திருக்கும். மெக்லாரன் வேலைப் பற்றி நான் குறைவாகத்தான் சொல்லப்போகிறேன், அங்கே உங்களுக்கு வழிகாட்டி தேவைப்படாது. கடல் பத்து நிமிடத்தில். வில்லங்கா வரை ஷிராஸ் டிரெயில், அதுவும் பழைய ரயில் தடம். டாரன்பெர்க் தோட்டத்தில் 2017-இல் திறந்த ஐந்து மாடிக் கனசதுரக் கட்டடம் கொடிகளுக்கு நடுவே நிற்கிறது. பார்க்கலாம். எனக்கு அதைவிடப் போர்ட் வில்லங்காவின் சுண்ணாம்புப் பாறைக் கரையில் மாலையில் உட்காருவது பிடிக்கும்.

அதற்குப் பிறகு வருவது பலரும் அவசரமாக ஓட்டிக் கடக்கும் பகுதி. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். மெக்லாரன் வேலிலிருந்து ஸ்ட்ராத்தல்பின் வழியாக லாங்ஹார்ன் கிரீக். பிரெமர் ஆறு குளிர்காலத்தில் கரை மீறித் தோட்டங்களுக்குள் பாயும், அந்த வெள்ளத்தையே நீர்ப்பாசனமாகப் பழக்கிக்கொண்ட ஊர் இது. பிளீஸ்டேல் தோட்டத்தில் 1892-இல் ரெட் கம் என்ற யூகலிப்டஸ் மரத்துண்டுகளால் செய்த ராட்சத நெம்புகோல் பிழிபொறி இருக்கிறது. நகரும் நாள் என்பதால் பொறியை மட்டும் பாருங்கள், ஒயினை வாங்கி மூடி திறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். வெலிங்டனில் மர்ரி ஆற்றைக் கம்பியில் இழுபடும் படகில் கடக்க வேண்டும். கட்டணம் இல்லை, ராத்திரி பகல் எப்போதும் ஓடும், கேரவனும் ஏறும். படகில் ஏறும் இடத்தில் சரிவு உடையும், ஆள் நடக்கும் வேகத்தில் ஏற்றுங்கள். வேகமாக ஏறினால் கேரவனின் வால்பக்கம் தரையில் உரசும்.

மெனிங்கியில் ஏரிக்கரையில் ஒரு இரவு. அடுத்த நாள் நூறு கி.மீ.க்கு மேல் நீளும் கூரோங் உப்புநீர்க் கழியை ஒட்டியே சாலை போகும். ஙாரிஞ்ஜெரி பழங்குடி மக்களின் நிலம். கூழைக்கடாக்கள் கூட்டமாக நீந்தும், நிறுத்த வசதியான ஒதுக்கிடங்கள் உண்டு. பின்னால் வருபவர்கள் வரிசை கட்டினால் அங்கே ஒதுங்கி வழி விடுங்கள். ரோப்பில் இரண்டு இரவு கடலோரம். 1850-களில் விக்டோரியா அரசு சீனர்கள் மேல் தலைக்குப் பத்துப் பவுண்டு வரி போட்டபோது, அதிலிருந்து தப்ப 16,000 பேருக்கு மேல் இந்தச் சின்னத் துறைமுகத்தில் இறங்கித் தங்க வயல்களுக்கு நடந்தே போனார்கள். அவர்களுக்கான நினைவுக்கல் கடற்கரையில் இருக்கிறது. ஒயினுக்கு இரண்டு நாள் ஓய்வு கொடுங்கள், நாக்குக்கு அது தேவை.

கூனவாராவை முதலில் பார்ப்பவர்கள் "இவ்வளவுதானா" என்பார்கள். மலை இல்லை, காட்சி இல்லை, நேர்கோடாக ஒரு நெடுஞ்சாலை, இரு புறமும் கொடி. விஷயம் காலுக்குக் கீழே இருக்கிறது. சுமார் 15 கி.மீ. நீளம், அகலமான இடத்தில்கூட ஏறக்குறைய இரண்டு கி.மீ., அவ்வளவு சின்னப் பட்டைக்குள் டெரா ரோசா என்ற செம்மண். அதன் கீழே மென்மையான சுண்ணாம்புக்கல், அதற்கும் கீழே நிலத்தடி நீர். செம்மண் அதிக நீரை வடித்துவிடும், சுண்ணாம்புக்கல் வேருக்குத் தேவையான ஈரத்தை வைத்திருக்கும். பட்டைக்கு வெளியே மண் கறுத்துவிடும், நெடுஞ்சாலையிலிருந்து சற்று விலகிப் போனால் அந்த மாற்றத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். இங்கே கேபர்நே சோவிஞ்ஞோன் என்ற சிவப்பு ஒயின் திராட்சைதான் ராஜா. 1890-களில் பண்ணைக்காரர் ஜான் ரிடோக் கட்டிய மூன்று முக்கோண முகப்புக் கட்டடம் வின்ஸ் தோட்டத்தில் அப்படியே நிற்கிறது, அவர்கள் பாட்டில் முகப்பிலும் அதே படம்.

தங்க வேண்டியது பெனோலாவில். தரை சமமாக இருப்பதால் சைக்கிளில் தோட்டங்களுக்குப் போய்விடலாம், நெடுஞ்சாலையில் லாரிகள் வரும், அதனால் பின்சாலைகளில் மிதியுங்கள். 1866-இல் மேரி மக்கிலப் ஒரு பழைய குதிரைக் கொட்டிலில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய ஊர் இது. 2010-இல் அவர் ஆஸ்திரேலியாவின் முதல் புனிதரானார். மறுநாள் நரகூர்ட் குகைகளுக்குப் போங்கள், அரை மணி நேரம்தான். 1994 முதல் உலகப் பாரம்பரியத் தலம், பூமியின் மேல் ஓட்டையில் தவறி விழுந்த பெரும் விலங்குகளின் எலும்புகள் அடுக்கடுக்காக உள்ளே கிடக்கின்றன. பெனோலா மண்ணைத் தாங்கும் அதே சுண்ணாம்புக்கல்தான் இந்தக் குகைகளும்.

இனி எடை. இதை நான் அனுபவப்பட்டே கற்றேன். ஒரு தடவை கூனவாராவில் ஆறு பெட்டி ஒயின் வாங்கிக் கட்டிலுக்குக் கீழே, கேரவனின் பின்பக்கத்தில் அடுக்கினேன். ஒரு பாட்டில் ஒன்றேகால் கிலோவுக்குக் குறையாது. 72 பாட்டில், 90 கிலோவுக்கு மேல். கீத் தாண்டி டியூக்ஸ் நெடுஞ்சாலையில் ஒரு நீண்ட லாரி முந்திப் போனபோது கேரவன் இடமும் வலமும் ஆடத் தொடங்கியது, ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாக. பின்பாரம் கூடினால் இழுவைக் கொக்கியில் அழுத்தம் குறைந்துபோகும், ஆட்டம் அங்கிருந்துதான் பிறக்கிறது. அப்படி நடந்தால் காரின் பிரேக்கை மிதிக்கவே கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, கார் முன்பலகையில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பொத்தானால் கேரவனின் பிரேக்கை மட்டும் போட வேண்டும். அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை நீங்கள் இருவரும் கிளம்பும் முன்பே கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பழகுங்கள். பாட்டில்கள் எப்போதும் சக்கர அச்சுக்கு மேலே, தரையில், படுத்த நிலையில். கேரவன் தகட்டில் காலி எடையும் உச்ச எடையும் எழுதியிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் தண்ணீர், காஸ், துணி, நாற்காலி எல்லாம் அடங்க வேண்டும், நூறு லிட்டர் தண்ணீர் நூறு கிலோ என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. ஒன்றிரண்டு பெட்டிக்கு மேல் பிடித்திருந்தால் தோட்டத்திலேயே பணம் கட்டி வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். வெயிலில் மூடிக் கிடக்கும் கேரவனுக்குள் சூடேறினால் ஒயின் வெந்த பழம் போல ஆகிவிடும், அனுப்புவது அதற்கும் நல்லது.

சில தோட்டங்கள் தங்கள் நிலத்திலேயே கேரவனை ஓர் இரவு நிறுத்த விடுகின்றன, கழிவுநீரை உள்ளேயே தேக்கி வைக்கும் வண்டி என்றால் மட்டும். கேட்காமல் நிறுத்தாதீர்கள். அடுப்பு மூட்டும் முன் அன்று முழுத் தீத்தடையா என்று பாருங்கள். ஏப்ரலிலும் தீப்பருவம் முடிந்திருக்காது. அந்தி சாய்ந்த பிறகு கேரவனோடு சாலையில் இருக்காதீர்கள், கங்காரு குறுக்கே வரும். நான்கு மணிக்குள் இடம் போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

முன்பதிவில் ஒரு விஷயம். உங்கள் 16 நாளில் ஈஸ்டர் விழுமா என்று இப்போதே நாட்காட்டியைப் பாருங்கள். அந்த நான்கு நாளும் ரோப்பில் மின் இணைப்புள்ள இடம் பல மாதம் முன்பே தீர்ந்துவிடும். பரோசாவில் 1947-இல் தொடங்கிய அறுவடைத் திருவிழா அந்த நாட்களில் நடக்கிறதா என்றும் பாருங்கள், அப்போது தனுந்தாவும் நிரம்பிவிடும். அதனால் முதலில் ரோப், அடுத்து தனுந்தா, மற்றவை பிறகு. செல்லார் டோர்களில் சில செவ்வாய், புதனில் மூடியிருக்கும், அந்த நாட்களை நகர்வதற்கு வைத்துக்கொள்ளுங்கள். பெனோலாவிலிருந்து அடிலெய்டு திரும்ப நரகூர்ட், கீத், டெய்லெம் பெண்ட் வழியாக 380 கி.மீ. வரும். முந்தைய இரவு அவர் குடிக்காமல் இருந்தால் காலையில் பாதி தூரம் அவர் ஓட்டட்டும்.